பழைய காத்தாடியை (காற்றாலையை) எடுத்துவிட்டு 3 மெகாவாட் வைக்கப் போகிறார்களாம்: வீட்டுப் பக்கத்தில் இருந்தால் ஆபத்தா?

#1 தோவாளைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாளும் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவன், இதுதான் முதல் பதிவு.

எங்கள் பூர்வீக நிலம் முப்பந்தல் தாண்டி காவல்கிணறு போகிற வழியில் இருக்கிறது. மூன்றரை ஏக்கர், வானம் பார்த்த பூமி. அதை ஒட்டி 1990களில் வைத்த ஐந்து சின்னக் காத்தாடிகள் நிற்கின்றன. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அந்தச் சத்தம் காதில் இருக்கிறது. இப்போது ஒரு கம்பெனி ஆள் வந்து, "அஞ்சையும் எடுத்துட்டு ஒரே ஒரு 3 மெகாவாட் மிஷின் வைக்கப் போறோம், உங்க நிலத்துல ஒண்ணேகால் ஏக்கர் குத்தகைக்குக் கொடுங்க" என்கிறார். தூண் மட்டும் 140 மீட்டராம். இறக்கை ஒவ்வொன்றும் 70 மீட்டர்.

பணம் நல்ல பணம்தான். ஆனால் என் ஆச்சி இன்னும் அந்த நிலத்து வீட்டில்தான் இருக்கிறாள். "அது முறிஞ்சு விழுந்தா நான் எங்கடே ஓட?" என்று கேட்கிறாள். போதாக்குறைக்குக் குடும்ப வாட்ஸப் குழுவில் மாமா ஒரு வீடியோ போட்டிருக்கிறார். வெளிநாட்டில் ஒரு காத்தாடி பேய் வேகத்தில் சுற்றி, வெடித்த மாதிரி சிதறுகிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கும் தூக்கம் இல்லை.

விழுமா? தீப்பிடிக்குமா? சத்தம் எப்படி இருக்கும்? இத்தனை பெரிசாக வைத்தே ஆக வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

முதலில் மொத்தக் கணக்கு. எந்தெந்த வழியில் மின்சாரம் எடுத்தால் எத்தனை உயிர் போகிறது என்று உலக அளவில் ஒப்பிட்டிருக்கிறார்கள். 100 கோடி யூனிட்டுக்கு நிலக்கரியில் சுமார் 25 உயிர் (பெரும்பாலும் புகையால்), எரிவாயுவில் 3க்குக் கொஞ்சம் குறைவு, நீர்மின்சாரத்தில் 1.3. நீர்மின்சாரத்தின் கணக்கு ஏறியதற்குக் காரணம் 1975இல் சீனாவில் உடைந்த பான்சியாவ் அணை. காற்றாலையில் 0.04. அணுமின்சாரமும் சோலாரும் இதே வரிசைதான்.

தமிழ்நாட்டுக் காற்றாலைகள் வருடத்துக்கு 1,200 கோடி யூனிட் தருவதாக வைத்துக்கொண்டால், இந்தக் கணக்குப்படி இரண்டு வருடத்துக்கு ஒரு உயிர். அதே யூனிட்டை நிலக்கரியில் எடுத்தால் வருடத்துக்கு 300.

ஆச்சியிடம் சொல்லுங்கள், காவல்கிணறு நாற்கர சாலையைக் குறுக்கே கடப்பதுதான் பெரிய ஆபத்து.

#3 டவர்_ஏறி

கணக்குப்பிள்ளை சார் சொன்ன அந்த "இரண்டு வருடத்துக்கு ஒரு உயிர்" யாருடையது என்று யாரும் கேட்கவில்லையே. அது ஊர்க்காரர் உயிர் இல்லை. எங்கள் உயிர்.

நான் பதினாலு வருடமாகக் காற்றாலை சர்வீஸில் இருக்கிறேன். முதல் ஆறு வருடம் ராதாபுரம், பணகுடிப் பக்கம் 250 கிலோவாட் மிஷின்கள், அப்புறம் கயத்தாறு பக்கம் 2 மெகாவாட். இந்தத் தொழிலில் ஆள் போவது பெரும்பாலும் நாலு விதம்: மேலிருந்து விழுவது, கரண்ட், கிரேன் தூக்கும்போது, அப்புறம் ரோடு. கடைசிதான் யாருக்கும் நினைவு வராது. சீசனில் ராத்திரி ரெண்டு மணிக்கு மிஷின் கோளாறில் தானே நின்று (டிரிப் ஆகி), தூக்கத்தில் எழுந்து பைக்கில் முப்பது கிலோமீட்டர் போனவனுக்குத்தான் அது தெரியும்.

தீயைப் பற்றிக் கேட்டீர்கள். பிடிக்கும், ஆனால் அபூர்வம். தூண் தலையில் இருக்கிற பெட்டியை நாங்கள் நாசல் என்போம். அதற்குள் கியர் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், கேபிள் எல்லாம் இருக்கிறது, எரிவதற்குத் தோதான சமாச்சாரம்தான். பிடித்தால் தீயணைப்பு வண்டி வந்து சுற்றிலும் ஆளை விலக்கிவிட்டு நிற்கும். எரிந்து முடியட்டும் என்று பார்ப்பதைத் தவிர அந்த உயரத்தில் ஒன்றும் செய்ய முடியாது. கீழே இருக்கிறவர்களுக்கு அதில் ஆபத்து குறைவு. உள்ளே வேலை செய்கிறவனுக்குத்தான் முழு ஆபத்தும். 2013 அக்டோபரில் நெதர்லாந்தில் ஓல்ட்கென்ஸ்பிளாட் என்ற ஊரில் அப்படித்தான் நடந்தது. தீ ஏணிப் பக்கம் பிடித்துவிட்டது. இரண்டு மெக்கானிக் பையன்கள், இருபது வயசுக்காரர்கள், மேலேயே சிக்கிக்கொண்டு செத்தார்கள். எங்களுக்கு டிரெய்னிங் கொடுக்கும்போது இதைச் சொல்லித்தான், நாசல் பின்கதவு வழியாகக் கயிற்றில் இறங்கும் கருவியைக் கையில் கொடுத்தார்கள். அது மேலே இல்லையென்றால் நான் ஏணியில் கால் வைக்க மாட்டேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், தம்பி. நீங்கள் பயப்படுவது வரப்போகிற பெரியதைப் பார்த்து. நான் பயப்படுவது ஏற்கெனவே நிற்கிற ஐந்து சின்னதைப் பார்த்து.

அந்தக் காலத்து மிஷின்களில் நிறைய 'ஸ்டால்' வகை. இறக்கை திரும்பாது. வேகம் கூடினால் இறக்கை நுனி மட்டும் குறுக்கே திரும்பி இழுத்துப் பிடிக்கும், அதோடு உள்ளே ஒரு டிஸ்க் பிரேக். கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு இழுவை இல்லாமல் போய்விடும், அந்த நொடியில் இந்த ரெண்டும் வேலை செய்தே ஆக வேண்டும். இருபத்தைந்து வருடம் ஆன நுனி பிரேக்கில் உள்ளே கயிறு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருப்பதை நான் கையால் பிடித்துப் பார்த்திருக்கிறேன். புது மிஷினில் மூன்று இறக்கைக்கும் தனித்தனி மோட்டார், தனித்தனி பேட்டரி. மூன்றில் ஒன்று திரும்பினாலே சுற்று அடங்க ஆரம்பித்துவிடும். காற்று நொடிக்கு 25 மீட்டரைத் தொட்டால், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர், தானே இறக்கையைத் திருப்பி நிறுத்திக்கொள்ளும்.

உங்கள் பக்கத்து ஐந்தில் எத்தனை ஓடுகிறது? தூணில் கறுப்பாக ஆயில் வழிந்த கோடு இருக்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள்.

#4 தோவாளைக்காரன்

அண்ணே, மூன்று ஓடுகிறது. ஒன்று நான்கு வருடமாக நிற்கிறது, அதற்கு ஒரு இறக்கை பாதிதான் இருக்கிறது. ஐந்தாவது ஆடி மாதம் மட்டும் சுற்றும், கிறீச் கிறீச் என்று சத்தம் வரும். ஆயில் கோடு எல்லாவற்றிலும் இருக்கிறது. நான் அது பெயின்ட் என்று நினைத்திருந்தேன்.

#5 பல்லடம்_நூல்

அந்த மாதிரி மிஷின்ல ரெண்டு எங்க அப்பா வெச்சதுங்க, உங்க ஊர்ல இல்லை, உடுமலைப் பக்கம். அதனால உள்கதையைச் சொல்லிடறேன்.

1990களில் மிஷின் வாங்கினால் முதல் வருடமே அதன் விலை முழுவதையும் (100 சதவீதத் தேய்மானம்) வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று வருமான வரியில் சலுகை இருந்தது. ஸ்பின்னிங் மில்காரர்கள் எல்லோரும் மார்ச் 31க்குள் ஒரு காத்தாடியை நட்டுவிட ஓடினோம். நேர்மையாகச் சொன்னால், காற்றுக்காக நட்டதைவிட வரிக்காக நட்டது அதிகம். முன்னே ஒன்று நிற்கும், அதன் முதுகுக்குப் பின்னாலேயே இன்னொன்று, பின்னாலிருப்பதற்குக் கலங்கிய காற்றுதான் கிடைக்கும். ஆனாலும் ஒன்று சொல்லணும். அன்றைக்கு அப்படி ஓடியிருக்காவிட்டால் இன்றைக்குத் தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நின்றிருக்காது. பல வருடம் நாட்டிலேயே நாம்தான் முதலிடம், குஜராத் முந்தியது சமீபத்தில்தான்.

இப்போது அந்தப் பழைய மிஷின்களுக்குக் கன்ட்ரோல் கார்டு கிடைக்காது. செய்த கம்பெனியே சிலது இல்லை. வருடப் பராமரிப்புக்குக் கேட்கிற காசுக்கும் அதில் வருகிற யூனிட்டுக்கும் கட்டாது. ஆனால் எடுத்துவிட்டால் அந்த இடத்துக்கான கிரிட் (மின்தொகுப்பு) இணைப்பும் பேங்கிங் வசதியும் (காற்றுக் காலத்தில் வருகிற யூனிட்டை ஈ.பி. கணக்கில் வைத்துப் பிறகு எடுத்துக்கொள்வது) என்ன ஆகுமோ என்று ஒரு பயம். அதனாலேயே ஓடுகிற வரை ஓடட்டும் என்று பலர் விட்டுவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் மாநில அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க ஒரு கொள்கை கொண்டுவந்தது. உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியது அதன் பின்னால் வந்த ஆளாகத்தான் இருக்கும்.

#6 கொஞ்சம்_சந்தேகம்

எல்லோரும் சேர்ந்து கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிற மாதிரி இருக்கிறதே.

பெரிசு என்றால் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? 2024 ஜூலையில் அமெரிக்காவில், நான்டக்கெட் தீவுக்குப் பக்கத்துக் கடலில், 107 மீட்டர் இறக்கை ஒன்று முறிந்தது. புத்தம்புது மிஷின். தீவின் கடற்கரை முழுக்க ஃபைபரும் நுரைக்கட்டியும் ஒதுங்கி, கோடைக்காலத்தில் கடற்கரைகளை மூட வேண்டியதாயிற்று. விசாரித்தால் தொழிற்சாலையில் பசை சரியாக ஒட்டவில்லையாம். வருடத்துக்கு வருடம் யார் பெரிசு என்று போட்டி போட்டுக்கொண்டு, சோதிக்க நேரம் கொடுக்காமல் நடுகிறார்கள்.

அப்புறம் எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வது: காத்தாடி வந்ததிலிருந்து மழை இல்லை. மேகத்தைக் கலைத்துவிடுகிறது. இதற்கும் ஒரு கணக்கு வைத்திருப்பீர்களே, கணக்குப்பிள்ளை?

#7 கணக்குப்பிள்ளை

வைத்திருக்கிறேன். ஆனால் நான்டக்கெட் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அதை மறுக்கவில்லை.

மழை: 3 மெகாவாட் மிஷினின் இறக்கை நுனி எட்டுகிற உச்சம் 140 + 72 = 212 மீட்டர். மழை மேகம் அதைவிடப் பல மடங்கு உயரத்தில் போகிறது. முப்பந்தல் இருக்கிற ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் மழை குறைவதற்குக் காரணம் மலை. தென்மேற்குக் காற்று அந்தப் பக்கமே நனைத்துவிட்டு, உலர்ந்துபோய்க் கணவாய்க்குள் நுழைகிறது. காற்று பலமாகவும் மழை குறைவாகவும் இருக்கிற இடம் என்பதால்தான் காத்தாடியே அங்கே வந்தது. ஊரில் காரண காரியத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் எந்தப் பாதிப்பும் இல்லை என்று சொல்ல மாட்டேன். மேல்காற்றையும் கீழ்காற்றையும் கலக்கி, ராத்திரியில் தரைச்சூட்டைக் கொஞ்சம் கூட்டுகிறது. டெக்சாஸில் செயற்கைக்கோள் வைத்து அளந்திருக்கிறார்கள்.

ஏன் பெரிசு என்பதற்கு வருகிறேன். இரண்டு விதி போதும். இறக்கை சுற்றுகிற வட்டத்தின் விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு. உயரம் போகப்போகக் காற்றின் வேகம் கூடுகிறது, பனையும் வீடும் தடுப்பதில்லை.

உங்கள் ஊர் 250 கிலோவாட் மிஷினின் விட்டம் சுமார் 28 மீட்டர், தூண் 30 மீட்டர். புதியதன் விட்டம் 144. பரப்பில் 26 மடங்கு. பழையது வருடச் சராசரியில் முழுத் திறனில் 17 சதவீதம் தருகிறது என்று தாராளமாக வைத்தாலும் வருடத்துக்கு 3.7 லட்சம் யூனிட். ஐந்தும் ஒழுங்காக ஓடினால் 18 லட்சம். புதியது ஒன்றே 32 சதவீதத்தில் 84 லட்சம். அதாவது ஐந்து தூணுக்குப் பதில் ஒரு தூண், கரண்டோ நான்கரை மடங்கு. 1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் ஈ.பி. நட்ட முதல் காத்தாடிகள் வெறும் 55 கிலோவாட். அந்த அளவில் நின்றிருந்தால் இன்றைக்கு முப்பந்தல் முழுக்க வேலிக்கம்பு மாதிரி தூண்தான் இருந்திருக்கும்.

ஒரு வேடிக்கை. பெரியது மெதுவாகச் சுற்றுவதாகத் தெரியும், நிமிடத்துக்குப் பதினோரு சுற்று. சின்னது நாற்பது சுற்று. ஆனால் நுனி வேகத்தைப் பாருங்கள்: சின்னதில் மணிக்கு 200 கிலோமீட்டர், பெரியதில் 300. ஆகவே இறக்கை முறிந்தால் எது பயங்கரம் என்று கேட்டால், பெரியதுதான். முறிவது அபூர்வம், முறிந்தால் பெரிசு. அதனால்தான் தூரம் முக்கியம்.

#8 ஜட்லாந்து_அக்கா

வணக்கம். நான் டென்மார்க்கில் இருக்கிறேன், முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஊர் கிளிநொச்சிப் பக்கம். இங்கே வந்த எங்கட ஆட்கள் பலர் காற்றாலைத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள். என் கணவரும் இறக்கை வார்க்கிற இடத்தில் பதினொரு வருடம் இருந்தவர்.

தம்பி, உங்கட மாமா போட்ட வீடியோ பெரும்பாலும் எங்கட நாட்டிலதான் எடுத்தது. 2008 பெப்ரவரி, ஹோர்ன்ஸ்லெட் என்ற இடம். புயல் நாள். பிரேக் பிடிக்கவில்லை, நிறுத்த முடியாமல் சுற்றிச் சுற்றி ஒரு இறக்கை முறிந்து தூணிலேயே அடித்தது. ஆருக்கும் காயம் இல்லை. அது பத்து வருடத்துக்கு மேல் பழைய மிஷின். பதினைந்து வருடத்துக்கு மேலாக உலகம் முழுக்க அதே வீடியோதான் சுற்றுகிறது. இது அடிக்கடி நடக்கிற விஷயம் என்றால் புது வீடியோ வந்திருக்கும் என்று என் மகள் சொல்லுவாள்.

இங்கே சட்டம் இப்படி: கிட்ட இருக்கிற வீட்டுக்கும் காற்றாலைக்கும் நடுவே, இறக்கை நுனி வரையான மொத்த உயரத்தைப் போல நான்கு மடங்கு தூரம் இருக்க வேணும். சத்தத்துக்குத் தனிக் கணக்கு. வயல்வெளி வீடென்றால், காற்று நொடிக்கு 8 மீட்டர் அடிக்கும்போது 44 டெசிபலுக்கு மேலே போகக்கூடாது, ஊர்மனை என்றால் 39. அளந்து பார்ப்பார்கள், மீறினால் நிறுத்துவார்கள். வீட்டின் பெறுமதி குறைந்தால் நட்டஈடு கேட்கவும் வழி இருக்கிறது.

நான் ஒரு விஷயம் சொல்ல விரும்புகிறேன். சத்தத்தை விடவும் எனக்குக் கரைச்சலாய் இருந்தது நிழல். குளிர்காலத்தில் சூரியன் தாழ நிற்கும். இறக்கையின் நிழல் குசினி யன்னலுக்குள்ளால் ஒன்றிரண்டு செக்கனுக்கு ஒருக்கால் வந்து போகும். விளக்கை ஆரோ போட்டுப் போட்டு நிறுத்துகிற மாதிரி. முறைப்பாடு செய்தோம், அந்த நேரத்துக்கு மட்டும் மிஷினை நிறுத்துகிற மாதிரி செட்டிங் மாற்றினார்கள். உங்கட ஆச்சி வீடு மிஷினுக்குக் கிழக்கிலயா மேற்கிலயா என்று பாருங்கள்.

#9 டவர்_ஏறி

அக்கா சொன்ன நிழல் விஷயத்தை நம்ம ஊரில் ஒருத்தரும் பேசுவதில்லை. நன்றி அக்கா.

நம்ம நாட்டில் மத்திய அமைச்சகத்தின் 2016 வழிகாட்டுதல் இருக்கிறது. ரோடு, ரயில் பாதை, கட்டடம், பெரிய லைன் இவற்றிலிருந்து தூண் உயரம் + பாதி விட்டம் + 5 மீட்டர். உங்கள் மிஷினுக்கு 140 + 72 + 5 = 217 மீட்டர். மரம் சாய்கிற மாதிரி முழுசாகச் சாய்ந்தாலும் படாத தூரம், அவ்வளவுதான் அதன் அர்த்தம். குடியிருக்கிற வீடு என்றால் சத்தத்துக்காக 500 மீட்டர். டென்மார்க் கணக்குப்படி 848 மீட்டர் வரும்.

கம்பெனி ஆள் உங்களிடம் 217ஐ மட்டும் சொல்லியிருப்பார். சரியா?

#10 மன்னார்_மீன்கொத்தி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் மன்னார்த் தீவைச் சேர்ந்தவன். எங்கட தென்கரையில் 2020 டிசம்பரில் தம்பபவனி என்ற காற்றாலைப் பண்ணையைத் திறந்தார்கள். முப்பது மிஷின், 103.5 மெகாவாட். இங்க ஆரும் காற்றாலை விழும் என்று பயப்படவில்லை. எங்கட சண்டை வேற.

ஒன்று, தண்ணி. மிஷினுக்குப் போகிற பாதையைத் தரையை விட உயர்த்திப் போட்டார்கள். தீவு தட்டையான மண். மாரியில் முந்தி கடலுக்கு ஓடின வெள்ளம் இப்ப வீட்டு வளவுக்குள்ள நிற்குது என்று சனம் சொல்லுது. இரண்டு, பறவை. மத்திய ஆசியாவில் இருந்து வருகிற பறவைகளுக்கு இந்தப் பக்கம்தான் கடைசித் தரிப்பிடம். வங்காலையில் பூநாரை கூட்டமாய் இறங்குகிறதைப் பார்த்தவனுக்குத்தான் அது விளங்கும். இன்னும் மிஷின் வேண்டாம் என்று 2025இல் நாள்கணக்காய்ப் போராட்டம் நடந்தது. அதற்கு முந்தி, அதே வருடம் பெப்ரவரியில், அதானி கம்பெனி மன்னார், பூநகரித் திட்டத்தில் இருந்து தானே விலகிவிட்டது.

காற்றாலையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எங்க வைக்கிறது என்பதைப் பறவையிட்டயும் வெள்ளத்திட்டயும் கேட்டுவிட்டு வை என்றுதான் சொல்கிறேன். நார்வேயில் ஸ்மோலா தீவில் நாலு மிஷினில் ஒரு இறக்கைக்கு மட்டும் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பார்த்தார்கள், அடிபட்டுச் சாகிற பறவை 70 சதவீதம் குறைந்தது என்று 2020இல் எழுதினார்கள். நாலு மிஷினை வைத்து முடிவு சொல்ல முடியாதுதான். ஆனால் ஒரு வாளி பெயின்ட் என்ன விலை?

#11 கொஞ்சம்_சந்தேகம்

மன்னார் நண்பர் சொன்னதைத்தான் நானும் வேறு மாதிரி சொன்னேன். ஒரு மிஷினின் பாதுகாப்பு வேறு, முப்பது மிஷினின் பாதுகாப்பு வேறு, முப்பதாயிரத்தினுடையது வேறு. இந்தியாவில் மொத்தம் 50,000 மெகாவாட் தாண்டியாகிவிட்டது. கிரிட் தாங்குமா? 2019 ஆகஸ்டில் இங்கிலாந்தில் ஒரு மின்னல் விழுந்தது. ஒரு எரிவாயு நிலையமும் ஹார்ன்சி என்கிற கடல் காற்றாலையும் ஒரே நேரத்தில் டிரிப் ஆகி, பத்து லட்சம் வாடிக்கையாளர்களுக்குக் கரண்ட் போனது. ரயிலெல்லாம் நடுவழியில் நின்றது.

#12 பல்லடம்_நூல்

கிரிட் பற்றி என்னைக் கேளுங்க. வாயிலேயே வருது.

நம்ம காற்று மே கடைசியில் ஆரம்பித்து செப்டம்பரில் அடங்கும். 2022 ஜூலையில் ஒரே நாளில் 12 கோடி யூனிட் வந்திருக்கிறது. அதே மிஷின்கள் நவம்பரில் பல நாள் சும்மா நிற்கும். 2024 மே 2ஆம் தேதி மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட் தொட்டதே, அன்றைக்குக் காற்று இன்னும் முழுசாக இறங்கவில்லை. வேண்டிய நேரத்தில் வராது, வரும்போது வாங்க ஆள் இருக்காது. ஒரு காலத்தில் ஆடி மாதம் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும்போது, "லைன் தாங்காது, நிறுத்து" என்று போன் வரும். கண்ணெதிரே காற்று போய்க்கொண்டிருக்க, மிஷின் இறக்கையைத் திருப்பிக்கொண்டு நிற்கும். வங்கிக் கடனுக்கு வட்டி மட்டும் நிற்காது.

இப்போது பரவாயில்லை. கயத்தாறு, தப்பகுண்டு என்று 400 கிலோவோல்ட் துணை மின்நிலையங்கள் வந்தாச்சு. புகளூரிலிருந்து சத்தீஸ்கர் ராய்கருக்கு 6,000 மெகாவாட் போகிற நேர்மின் லைன் இருக்கிறது, அங்கேயிருந்து இங்கே கொண்டுவரவும் செய்யும், நம்ம காற்றை அங்கே தள்ளவும் செய்யும். சேமித்துவைக்கப் பேட்டரி வந்தால் இன்னும் நல்லது. அதுவரை காற்றாலையை மட்டும் நம்பி மில் ஓட்ட முடியாது என்று சொல்கிற முதல் ஆள் நான்தான், மிஷின் வைத்திருக்கிறவனே சொல்றேன்.

#13 கணக்குப்பிள்ளை

இங்கிலாந்து விஷயத்தில் ஒரு திருத்தம் மட்டும். அன்று விழுந்தது காற்று இல்லை. ஹார்ன்சியின் கட்டுப்பாட்டு மென்பொருள் மின்னழுத்தத் தடுமாற்றத்துக்குத் தவறாக எதிர்வினை காட்டியது. பிறகு சரிசெய்தார்கள். ஆனால் "பெரிசாகப் பெரிசாக ஒரு சின்னத் தவறும் பெரிசாகும்" என்கிற உங்கள் வாதத்துக்கு அது நல்ல சாட்சிதான். உங்களுக்கே விட்டுத்தருகிறேன்.

#14 தோவாளைக்காரன்

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டு வந்தேன்.

டவர் ஏறி அண்ணன் சொன்னது அப்படியே. கம்பெனி ஆள் 217 மீட்டர் என்றுதான் எழுதிக் காட்டினார். 500 பற்றிக் கேட்டதும், "அது வழிகாட்டுதல்தான் சார்" என்று சிரித்தார். தூண் வரப்போகிற இடத்தில் சுண்ணாம்புக் குறி போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து ஆச்சி வீட்டு நடைவாசல் வரை, என் தம்பி ஒரு முனை நான் ஒரு முனையாக ஐம்பது மீட்டர் டேப் பிடித்து அளந்தோம். நடுவில் உடைமரம் வந்ததால் கொஞ்சம் கோணல். 355 மீட்டர் வந்தது.

இன்னொன்றும் பார்த்தேன். பாதி இறக்கையோடு நிற்கிறதே அந்தப் பழைய காத்தாடி, அதிலிருந்து ஆச்சி வீட்டு மாட்டுக்கொட்டகை எத்தனை தூரம் தெரியுமா? 40 மீட்டர். இருபத்தைந்து வருடமாக அதன் கீழேதான் நாங்கள் பால் கறந்திருக்கிறோம். ஒருத்தரும் ஒன்றும் கேட்டதில்லை.

ஆச்சியிடம் இதைச் சொன்னேன். "அந்தப் பாதி றெக்கை விழுந்த அன்னைக்கு நான் முப்பந்தல் இசக்கிக்குப் பொங்கல் வச்சேன், ஒனக்கு ஞாபகம் இல்லையா?" என்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது. ராத்திரி விழுந்ததாம், வேலி ஓரமாய்க் கிடந்ததாம், காலையில் இரண்டு பேர் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். அவ்வளவுதான்.

#15 டவர்_ஏறி

பார்த்தீர்களா. வெளிநாட்டில் இறக்கை விழுந்தால் வீடியோ, நம்ம ஊரில் விழுந்தால் பொங்கல்.

40 மீட்டர் என்பது பழைய மிஷினின் சொந்த உயரத்துக்கே பத்தாது. அதை எடுக்கிறார்கள் என்பது உங்களுக்கு நல்ல சேதி. ஆனால் புதியதற்கு 355 ஒத்துக்கொள்ளாதீர்கள். சத்தத்தில் மட்டும் 500க்கும் 355க்கும் மூன்று டெசிபல் வித்தியாசம் வரும். ஆடி மாத ராத்திரி, ஊர் அடங்கின பிறகு, வயசானவர்களுக்கு அது தெரியும்.

என் அனுபவத்தில் சில விஷயம். ஒப்பந்தத்தில் இதையெல்லாம் கேளுங்கள். பழைய ஐந்தின் அஸ்திவாரத்தை எத்தனை அடி ஆழம் வரை உடைத்து எடுப்பார்கள்? பலர் தூணை வெட்டிக்கொண்டு கான்கிரீட்டை நிலத்திலேயே விட்டுவிடுகிறார்கள், உழவு ஓட்ட முடியாது. பழைய இறக்கை எங்கே போகும்? ஃபைபர், மக்காது, உருக்கவும் முடியாது, எங்கேயாவது ஓடைக்கரையில் போட்டுவிடுவார்கள். இருபத்தைந்து வருடம் கழித்துப் புதியதை யார் செலவில் பிரிப்பது? கம்பெனி கைமாறினால்? 70 மீட்டர் இறக்கை வருகிற டிரெய்லர் திரும்ப உங்கள் வேலியை உடைத்தால் யார் கட்டுவது? போன வருடம் ஒரு திருப்பத்தில் மூன்று மணி நேரம், ஈ.பி. கம்பியை அவிழ்த்து, ஒரு வேப்பமரக் கிளையை வெட்டி இறக்கையைக் கடத்தினோம். மரத்துக்காரருக்கு ஒரு டீ கூடக் கிடைக்கவில்லை.

கடைசியாக ஒன்று. மிஷின் வந்த பிறகு மேலே ஆள் இருக்கும்போது தூணுக்குக் கீழே ஆட்டை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். 80 மீட்டரில் இருந்து என் கை தவறி விழுந்த ஸ்பேனர் எங்கள் ஜீப் பானெட்டைத் துளைத்து இன்ஜினில் உட்கார்ந்தது. நாலு நொடிதான். கத்துவதற்குள் முடிந்துவிட்டது. டிரைவர் வெற்றிலை வாங்கப் போயிருந்தார். இன்றைக்கும் அவர் வெற்றிலையை விடவில்லை, நானும் சொல்வதில்லை.

#16 ஜட்லாந்து_அக்கா

தம்பி, ஆச்சி வீடு எந்தப் பக்கம் என்று சொல்லவே இல்லையே.

#17 தோவாளைக்காரன்

கிழக்குப் பக்கம், அக்கா. சாயங்கால நிழல் நேராக நடையில்தான் விழும். ஆச்சி அந்த நேரம்தான் அங்கே உட்கார்ந்து பூக்கட்டுவாள்.

எங்கள் நிலத்தின் மேற்கு ஓரத்துக்குத் தூணைத் தள்ளினால் இன்னும் 160 மீட்டர் கூடக் கிடைக்கும், 515 ஆகிவிடும். அந்த இடம் கொஞ்சம் பாறை, அஸ்திவாரச் செலவு கூடும் என்று இழுக்கிறார்கள். தள்ளினால் கையெழுத்து, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை சர்வேயரைக் கூட்டிக்கொண்டு வருகிறார்களாம்.

#18 பல்லடம்_நூல்

சர்வேயர் வர்றதுக்கு முன்னாடி நீங்களே மேற்கு எல்லைக்கல்லைத் தோண்டிப் பார்த்துக்கோங்க. எங்களுக்கு அங்கேதான் இடிச்சது.

#19 தோவாளைக்காரன்

கல் இருக்கிறது. பழைய காத்தாடியின் கேபிள் அதன் மேல்தான் போகிறது. போட்டோ நாளைக்குப் போடுகிறேன்.